மெழுகுக் கோலமும் 4,820 ரூபாயும்

கிரேயானால் படம் வரைந்து அதன் மேல் வாட்டர் கலரைப் பூசினால், மெழுகு இருக்கிற இடத்தில் கலர் ஒட்டாது. சுற்றியுள்ள தாள் கலரைக் குடித்துக்கொள்ள, வரைந்த கோடு மட்டும் பளிச்சென்று நிற்கும். குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட லேசான வேலை கிடையாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். நம்பி, போன மே மாதம் 42 குழந்தைகள் முன்னால் நின்று, 4,820 ரூபாயையும் இரண்டு வாரத் தூக்கத்தையும் தொலைத்தேன். பள்ளியிலோ, தெருவிலோ, நூலகத்திலோ யாராவது உங்களிடம் "ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யேன்" என்று கேட்டால், சரி என்று சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் ஓவிய ஆசிரியை இல்லை. பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கலர் பூசுவேன், என் தகுதி அவ்வளவுதான். பிறந்த ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். சித்திரை விசுவுக்குப் போயிருந்தபோது அங்கே நூலக வாசகர் வட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் அண்ணாச்சி, ஓய்வு பெற்ற வாத்தியார், என்னைப் பிடித்துக்கொண்டார். "லீவு விட்டா பிள்ளைய எல்லாம் போனையே நோண்டிக்கிட்டுக் கெடக்குதுவ. ஒரு நா வந்து படம் வரையச் சொல்லிக் குடுத்துட்டுப் போயேன் தாயி. இருவத்தஞ்சு பிள்ளையதான் வரும்." பிறந்த ஊரில், அதுவும் வாத்தியார் கேட்டு, மாட்டேன் என்று எப்படிச் சொல்ல? தலையை ஆட்டிவிட்டேன். கூட யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம்கூட வரவில்லை. சும்மா கலர் பூசுவதுதானே.

என்ன செய்வது என்று யோசித்தபோது அம்மா வாசலில் போடும் கோலம் ஞாபகம் வந்தது. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானால் புள்ளி வைத்துக் கம்பிக் கோலம் போட வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மேலே நீலத்தைப் பூசினால் சாணி தெளித்த வாசலில் கோலம் எழுந்து வருவது மாதிரி வரும். "மாயக் கோலம்" என்று பெயர்கூட வைத்துவிட்டேன். வீட்டில் மகளை வைத்துச் செய்து பார்த்தேன். அவளிடம் பிறந்தநாளுக்கு வந்த ஆயில் பேஸ்டல் (எண்ணெயும் மெழுகும் கலந்த மெத்தென்ற கலர்க் குச்சி) டப்பா ஒன்று இருந்தது. நான் எப்போதோ வாங்கி வைத்த 300 ஜிஎஸ்எம் வாட்டர் கலர் தாள் நாலைந்து மிச்சம் இருந்தது (ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்தைச் சொல்லும் அளவு, எண் கூடக் கூடத் தாள் கெட்டி). வில்லையாக வரும் கேக் வாட்டர் கலரைக் கரைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். ஐந்து புள்ளிக் கோலம் அப்படியே எழும்பி வந்தது. மகள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்தத் தாளைப் படம் எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். அவர் அதை ஊர் முழுக்க அனுப்பிவிட்டார். 25 பேர் 42 பேராக ஆனது அதனால்தான்.

நான் செய்த பெரிய தப்பு இந்த இடத்தில்தான் நடந்தது. சோதித்துப் பார்த்தது ஒரு சாமான், குழந்தைகள் கையில் கொடுத்தது வேறு சாமான். 42 பேருக்கு 300 ஜிஎஸ்எம் தாளும் ஆயில் பேஸ்டலும் கட்டுப்படியாகாது என்று, டவுனில் ஒரு மொத்தக் கடையில் போய் எல்லாவற்றிலும் ஒரு படி கீழே இறங்கி வாங்கினேன். கிரேயான் 40 டப்பா 720 ரூபாய். போஸ்டர் கலர் 4 செட் 640. பிரஷ் 40 எண்ணம் 600. தாளுக்கு, நகல் எடுக்கும் ஏ4 ஒரு ரீம், 280. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார். அவர் மேல் குற்றமில்லை. எதற்கு என்று நான் சொல்லவே இல்லை. கலர் என்றால் கலர், தாள் என்றால் தாள் என்று நானும்தான் நினைத்தேன். எந்தத் தாளைக் கொடுக்கப் போகிறோமோ அதிலேயே, எந்தக் கிரேயானைக் கொடுக்கப் போகிறோமோ அதாலேயே, முதல் நாள் ராத்திரி ஒரு படம் வரைந்து பார்த்திருந்தால் மிச்சக் கதை நடந்தே இருக்காது.

கடைக்குப் போனது வெள்ளிக்கிழமை காலை. மத்தியானம் வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண வீடு. கிரேயான் டப்பாக்களை ஸ்கூட்டர் டிக்கிக்குள் திணித்து, வண்டியை மண்டபத்துக்கு வெளியே மொட்டை வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். கத்திரி வெயில். நெல்லையில் அந்த நாட்களில் வெளியே நிழலிலேயே 38, 40 டிகிரி இருக்கும். கறுப்பு சீட்டுக்கு அடியில் மூடிய டிக்கிக்குள் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கிரேயானில் இருப்பது பாரபின் மெழுகு. 40 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும், 50, 60க்குள் உருகிவிடும். மூன்று மணி நேரம் கழித்து வண்டியை எடுத்தபோதும் நான் திறந்து பார்க்கவில்லை. ராத்திரி ஒன்பதரைக்குத் திறந்தேன். அட்டைப் பெட்டிகள் எண்ணெய் குடித்த மாதிரி இருந்தன. உள்ளே பன்னிரண்டு கலரும் சேர்ந்து ஒரே பாளம். மேலே இருந்த பத்துப் பதினைந்து டப்பா தப்பும் என்று பார்த்தால், அவையும் வளைந்து நெளிந்து அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. டிக்கியில் கிடந்த மழைக்கோட்டு முழுக்கச் சிவப்பு. விடிந்தால் வகுப்பு.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பாளையில் ஒரு ஸ்டேஷனரிக் கடை திறக்கும்வரை வாசலில் நின்று, இருந்த 20 டப்பா பிளாஸ்டிக் கிரேயானையும் வாங்கினேன். 900 ரூபாய். "கையில ஒட்டாது, ரப்பர் வச்சு அழிக்கலாம், உடையாது" என்று கடைப் பையன் பெருமையாகச் சொன்னான். அதைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கையில் ஒட்டாதது தாளில் மட்டும் எப்படித் தடித்து ஒட்டும்? நமக்கு வேண்டியது தாளின் மேல் தடிமனாகப் படிகிற மெழுகு. பிளாஸ்டிக் கிரேயான் கெட்டி, மெல்லிசாகத்தான் படியும், கோட்டுக்குள் ஆயிரம் இடைவெளி இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். சாமான் அதிகமாக இருந்ததால் ஆட்டோ பிடித்தேன், 350. பேட்டை, பத்தமடை தாண்டிப் போய்ச் சேரும்போது பத்தே முக்கால். பத்து மணியிலிருந்து பிள்ளைகள் நூலகத் திண்ணையில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. பெண் பிள்ளைகள் தங்கள் அம்மாவின் கோலத்தைப் போட்டார்கள். ஒரு பையன் ஆற்றில் பிடித்த கெளுத்தி மீனைப் போட்டான். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு என்பதால் எங்கே போட்டோம் என்று தெரியாமல் ஒரே சிரிப்பு. அப்புறம் போஸ்டர் கலரைத் தண்ணீரில் கலக்கி ஊற்றிக் கொடுத்தேன். பூசினார்கள். நீலம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. கோலமும் இல்லை, மீனும் இல்லை. "நல்லா அழுத்திப் பூசுங்க, வரும்" என்று சொன்னேன். அதுதான் என் வாயிலிருந்து வந்ததிலேயே மோசமான யோசனை. நகல் தாள் 70 ஜிஎஸ்எம். ஈரத்தில் பிரஷைப் போட்டு மறுபடி மறுபடித் தேய்த்தால் முதலில் சுருளும், அப்புறம் நார் நாராக உரியும், அப்புறம் ஓட்டை விழும். பத்து நிமிடத்தில் திண்ணை முழுக்க ஈரக் காகிதக் கூழ். "எங்கக்கா கோலம்? வெறும் நீலச் சேறுல்லா கெடக்கு" என்று ஒருத்தி கேட்டாள். கெளுத்தி மீன் பையன் ஒன்றும் சொல்லவில்லை. தாளைச் சுருட்டி உருண்டையாக்கி வெளியே எறிந்துவிட்டுப் போய்ச் செருப்பை மாட்டினான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த நேரத்தில் எனக்கு இருந்த உணர்ச்சியை மறைக்காமல் சொல்கிறேன். பிள்ளைகள் மேல் கோபம் வந்தது. சத்தம் போடாமல் இருங்கள் என்று கத்தினேன். அண்ணாச்சி ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து தினசரியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். என் மானத்தைக் காப்பாற்றுகிறாராம். துணைக்கு ஒருவர் இருந்திருந்தால் பிள்ளைகளை வெளியே ஒரு விளையாட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டு நான் யோசித்திருப்பேன். தனியாக இருந்தால் யோசிக்க முடியாது, தண்ணீர் மாற்றவும் அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்யவுமே நேரம் போய்விடும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பதை இப்போது நான் கறாராக வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவருக்குப் படம் வரையத் தெரிய வேண்டியதில்லை, வாளி தூக்கத் தெரிந்தால் போதும்.

காப்பாற்றியது ஒரு பையன். பதினொரு வயது இருக்கும். "யக்கா, கரண்டு போச்சுன்னா எங்க வீட்டுல மெழுகுத்திரி ஏத்துவாங்க. அது நோட்டுல சொட்டிருச்சுன்னா அதுக்கு மேல பேனா எழுதவே எழுதாது. அத வச்சுப் போட்டுப் பாக்கலாமா?" என்றான். நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் பட்ட அனுபவம்தான். எனக்கு ஞாபகம் வரவில்லை, அவனுக்கு வந்தது. பக்கத்துப் பெட்டிக்கடையில் மெழுகுவர்த்தி இருந்தது. கலருக்கு என்ன செய்வது என்று தடுமாறியபோது, அதே கடையில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் கண்ணில் பட்டது. அது சாயம், தண்ணீரில் முழுசாகக் கரைந்துவிடும், கண்ணாடி மாதிரி அடியில் இருப்பதைக் காட்டும். அட்டையாக இருந்த பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, மெழுகுவர்த்தியை ஒடித்துக் கொடுத்து வரையச் சொன்னேன். பாதிக்கு மேல் பிள்ளைகள் ஏற்கெனவே போய்விட்டார்கள். இருந்த 14 பேருக்கு மட்டும் கோலம் வந்தது. நல்லாவே வந்தது. நீல வானத்தில் வெள்ளை இழை.

ஆனால் சொட்டு நீலத்தை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஐந்து வயதுக் குட்டி ஒருத்தி நீல விரலை வாயில் வைத்துவிட்டாள். என் உயிரே போய்விட்டது. வாயைக் கழுவி, தண்ணீர் குடிக்க வைத்து, சாயங்காலம் வரை இரண்டு தடவை போன் செய்து விசாரித்தேன். ஒன்றும் ஆகவில்லை. என்றாலும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் தின்னக்கூடாத எதையும் கிண்ணத்தில் ஊற்றி வைக்கக் கூடாது. அப்புறம் சட்டைகள். மறுநாள் ஒரு அப்பா என் தம்பியிடம், "நீலத்த மொத்தச் சட்டைக்கும்லா போடணும், ஒங்கக்கா இப்படிச் சொட்டுச் சொட்டாவா போடுவாங்க?" என்று கேட்டாராம். சிரித்துக்கொண்டே கேட்டார் என்றான் தம்பி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளைப் பழைய சட்டையில் அனுப்புங்கள் என்ற ஒரு வரியை அண்ணாச்சி ஊரெல்லாம் அனுப்பிய செய்தியிலேயே சேர்த்திருக்கலாம். அன்றைக்குத் திரும்பும்போது தம்பி வண்டியில்தான் வந்தேன். கன்னடியன் கால்வாய்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கீழே இறங்கி முகம் கழுவினேன். அழுததை அவன் பார்த்திருப்பான், கேட்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால்கூடச் சரி. அந்த 14 படங்களையும் நூலகச் சுவரில் மாட்டலாம் என்று வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். ஈரம் காய்ந்ததும் அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்து கிடந்தன. நேராக்குவதற்கு, நானே மெச்சிக்கொண்ட ஒரு யோசனை: இஸ்திரி போடுவது. மெத்தையில் வீட்டுக்காரரின் சட்டை விரித்திருந்தது, அதன் மேல் செய்தித்தாள், அதன் மேல் படம். ஒரே தேய்ப்பு. மெழுகு உருகிச் செய்தித்தாளில் இறங்கி, அங்கிருந்து சட்டையில் இறங்கியது. படத்தில் வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை. மூன்று படம் போன பிறகுதான் கையை எடுத்தேன். சட்டை 850 ரூபாய், தீபாவளிக்கு எடுத்தது. பாத்திக் துணியில் மெழுகை எடுப்பதற்குச் செய்கிற வேலையையே நான் படத்துக்குச் செய்திருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது. ஜாவாவில் துணியில் மெழுகால் எழுதி, சாயத்தில் முக்கி, கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை உருக்கி எடுப்பார்கள். சிலர் காகிதத்துக்கு நடுவில் வைத்துத் தேய்த்தும் எடுப்பதுண்டு. நம் படத்தில் மெழுகு இருந்தால்தான் படம். நெளிந்த தாளை நேராக்க, நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை ஒரு நாள் ஏற்றி வைத்தால் போதும். சூடு ஆகாது.

பிஸ்கட், டீ, மோர் செலவு 480ஐயும் சேர்த்துக் கணக்கெழுதிப் பார்த்தேன். சட்டையோடு 4,820. கணக்கு எழுதுகிறவளுக்கு இந்த எண் குத்திக்கொண்டே இருந்தது. அதைவிட மூன்று பிள்ளைகளிடம் போய் உங்கள் படத்தைக் கெடுத்துவிட்டேன் என்று சொன்னது குத்தியது. அடுத்த இரண்டு வாரம், ராத்திரி சமையல்கட்டு மேடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அதில் தெரிந்ததைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன். ஓவியம் படித்தவர்களுக்கு இதெல்லாம் பால பாடமாக இருக்கும்.

முதலில் கிரேயான். விலை குறைவு என்பது ஒரு குறையே இல்லை. ஹென்றி மூர் என்ற இங்கிலாந்துச் சிற்பி இந்த முறையைக் கண்டுகொண்டதே, உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்கு வேடிக்கை காட்ட அவளுடைய மலிவு விலை மெழுகுக் கிரேயானை எடுத்து வரைந்து, மேலே வாட்டர் கலர் பூசியபோதுதான். 1940, 41இல் லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துக் கிடந்த ஜனங்களை அவர் வரைந்த புகழ்பெற்ற படங்களில் இந்த உத்திதான் இருக்கிறது. ஆக, மலிவானதா என்று பார்க்க வேண்டாம், மெழுகா என்று பாருங்கள். கடையிலேயே ஒரு குச்சியை நகத்தால் சுரண்டுங்கள். மெழுகு என்றால் நகத்துக்குள் ஏறும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தாளில் அழுத்தித் தேய்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் வாங்கலாம், பரவி இறங்கினால் வைத்துவிடுங்கள். சாதாரண மெழுகுவர்த்தி இந்தச் சோதனையில் எல்லாவற்றையும் ஜெயித்தது. கலர் கோடு வேண்டுமென்றால் ஆயில் பேஸ்டல், வெள்ளைக் கோடு மட்டும் போதுமென்றால் மெழுகுவர்த்தித் துண்டு. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கையில் அழுத்தம் இருக்காது. அவர்களுக்குப் பேஸ்டல்தான் சரி, அதுவும் சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்து, பாதியாக ஒடித்துக் கொடுங்கள். முழுக் குச்சி என்றால் நுனியில் பிடித்துத் தடவிக்கொண்டிருப்பார்கள். எங்கே வரைந்தோம் என்று தெரியவில்லை என்று நச்சரித்தால், தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெழுகு மினுங்கும்.

கலர் விஷயத்தில் நான் கற்றது ஒன்றுதான். அடியில் இருப்பது தெரிய வேண்டும். வாட்டர் கலரில் நிறப்பொடியும் பிசினும், மெல்லிசாகப் பரவும். போஸ்டர் கலரில் மூடுவதற்கென்றே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி சேர்த்திருப்பார்கள், சுவரில் வெள்ளையடித்த மாதிரி மெழுகின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். கையில் போஸ்டர் கலர்தான் இருக்கிறது என்றால் தூக்கிப் போட வேண்டாம். கொஞ்சம் செய்தித்தாளில் பூசிப் பாருங்கள். எழுத்தை வாசிக்க முடிகிறவரைக்கும் தண்ணீர் சேருங்கள். நிறம் வெளிறிப்போகும், ஆனால் வேலை நடக்கும். கேக் கலரைக் கூட்டத்துக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் ஈரப் பிரஷால் கேக்கைக் குடைந்துகொண்டே இருப்பார்கள், தாளுக்கு வந்து சேர்வது நாலு சொட்டுத்தான். டியூபைப் பிதுக்கி அரை டம்ளர் தண்ணீரில் முன்கூட்டியே கரைத்து வைத்துவிடுங்கள். கரைசலைச் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றினால் கவிழ்ந்தாலும் கவலையில்லை. பிரஷும் தேவையில்லை. எங்கள் வீட்டில் கிழிந்து கிடந்த மெத்தையின் ஸ்பாஞ்சை நறுக்கிக் கொடுத்தேன். நனைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே இழுப்பு. திரும்பப் போகக் கூடாது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் பாதி இழுப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும்.

தாள் 150 ஜிஎஸ்எம் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாராளம். கடையில் பெரிய டிராயிங் ஷீட்டாக வாங்கி நாலாக வெட்டிக்கொள்ளுங்கள். சார்ட் அட்டை தடிமனாகத்தானே இருக்கிறது என்று போகாதீர்கள். அதன் வழவழப்பான பக்கத்தில் கலர் எங்கேயுமே ஒட்டாது, மெழுகு இருக்கிற இடம் இல்லாத இடம் எல்லாம் ஒன்றுதான்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். நானாகவே அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "வா தாயி, ஆனா நம்ம நீலம் வேண்டாம்" என்றார். இந்தத் தடவை 20 பெரிய ஷீட் 200 ரூபாய், மெழுகுவர்த்தி 4 பாக்கெட் 120, வாட்டர் கலர் டியூப் 5 எண்ணம் 150. மொத்தம் 470. வந்தது 38 பிள்ளைகள், தலைக்குப் பன்னிரண்டு ரூபாய் சொச்சம். தம்பி, தம்பி பெண்டாட்டி, மகள் என்று படையோடு போயிருந்தேன். முதல் நாள் ராத்திரி அதே தாளில், அதே மெழுகில், அதே கலரில் மூன்று படம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

ஆடிக் காற்றை மட்டும் மறந்துவிட்டேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த மாதத்தில் எங்கள் பக்கம் எதையும் கீழே விடாது. காய வைத்த முதல் பத்துப் படங்களும் தெருவில் பறந்தன. பிள்ளைகள் கத்திக்கொண்டு துரத்த, அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரக் கலர் கோடாக வழிகிறது. அப்புறம் ஆற்றங்கரையிலிருந்து பையன்கள் கூழாங்கற்களை அள்ளி வந்து, திண்ணையில் தாளைப் பரப்பி நாலு மூலையிலும் வைத்தார்கள். மிச்ச நேரத்தில், நான் எதிர்பார்க்காத அளவுக்கு எடுபட்டது மஞ்சள்தான். மெழுகால் வரைந்த தாளில் மஞ்சள் தூளைக் கரைத்துப் பூசி, காய்ந்த பிறகு சோப்புத் தண்ணீரைத் தொட்டு இழுத்தால் மஞ்சள் சிவப்பாக மாறும், மெழுகுக் கோடு மட்டும் வெள்ளையாகவே நிற்கும். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டால் மறுபடி மஞ்சள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற மஞ்சள் தாள் சோதனையேதான். கெளுத்தி மீன் பையன் அன்றைக்கு வந்திருந்தான். மீனை மஞ்சளில் போட்டு, செவுளில் மட்டும் சோப்புத் தண்ணீரைத் தொட்டுச் சிவப்பாக்கி, "இப்பத்தான் பிடிச்ச மீன்" என்றான்.

டிக்கியில் உருகிய அந்தக் கிரேயான் பாளத்தையும் கொண்டுபோயிருந்தேன். தூக்கிப் போட மனசு வராமல் கத்தியால் வெட்டித் துண்டு போட்டு வைத்திருந்தேன். ஒரு துண்டில் நாலைந்து கலர் சேர்ந்து, இழுத்தால் கோடு போகப் போக நிறம் மாறியது. பிள்ளைகள் அதற்குத்தான் சண்டை போட்டார்கள். மழைக்கோட்டில் ஒட்டியது மட்டும் இன்னும் போகவில்லை. வெந்நீரில் முக்கிப் பாருங்கள் என்கிறார் வீட்டுக்காரர், அவருடைய சட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு.